ஒரு தட்டு, இரண்டு தட்டு

பிப்ரவரி 3, திங்கள்

இன்று இரண்டு தட்டு. நடைபாதையில் மூன்று கார்கள். முதல் கார் சுவரை ஒட்டியே நிற்கிறது. பூனைகூட நுழைய முடியாது.

பென்சிலில்தான் எழுதுகிறேன். பேனா என்றால் கீறும் சத்தம் அண்ணனுக்குக் கேட்டுவிடும். கூடத்தில் படுத்திருக்கிறான். அறைக்குள் நான் புரண்டு படுத்தாலே "தூங்கலையா?" என்பான். அம்மா பக்கத்தில்தான் தூங்குகிறாள். விடியும் முன்பே எழுந்து மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்குப் போக வேண்டியவள், தலையணையில் தலை பட்டதும் தூங்கிவிடுவாள். அலமாரிக் கதவைத் திறந்து வைத்து, அதன் மறைவில் டார்ச்சோடு உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதினால் குறையுமா என்று பார்க்கிறேன்.

அண்ணனுக்குக் கண் தெரியாது. ஆறாவது படிக்கும்போது வந்த காய்ச்சலில் போனது. போன மாதம்தான் அவனுக்கு வேலை கிடைத்தது. காஸ் சிலிண்டர் கம்பெனியில் போன் எடுத்துப் பேசுவது. அங்கே மேலாளர் சொன்னாராம்: "தனியா வந்து தனியா போக முடியும்னா வா. கூட்டிட்டு வர ஆள் தேடறது எங்க வேலை இல்ல." அண்ணன் அதைத் திட்டு என்று எடுத்துக்கொள்ளவில்லை. "என்னை ஆம்பளையா மதிச்சுப் பேசினார்" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தான்.

எங்கள் கேட்டிலிருந்து பஸ் நிறுத்தம்வரை ஒரே நேர் நடைபாதை. அவன் எதையும் எண்ணுவதில்லை. இடது கையின் புறங்கையால் சுவரைத் தொட்டுக்கொண்டு போவான். சொரசொரப்பு முடிந்து வழவழப்பு வந்தால் உடற்பயிற்சிக் கூடம். ஏசி தண்ணீர் தலையில் சொட்டினால் மருந்துக் கடை. சாக்கடை மூடி ஸ்டிக்கில் பட்டு டங்கென்றால் மெயின் ரோடு.

கார் நின்றால் இதில் எதுவும் இல்லை. மின்கம்பத்துக்கு அடுத்து ரோட்டில் இறங்க வேண்டும். சுவருக்குப் பதில் கார்களைத் தொட்டுக்கொண்டே போய், சாக்கடை மூடிக்கு முன்னால் ஏற வேண்டும்.

அதனால்தான் தட்டு. காலையில் நான் முதலில் வெளியே வந்து பார்ப்பேன். இரும்பு ஸ்கேலால் கேட்டில் ஒரு தட்டு தட்டினால் வழி காலி. இரண்டு தட்டினால் கார் நிற்கிறது, ரோட்டில் இறங்கு. பிறகு தெருவின் மறுமுனைக்கு ஓடுவேன். ஸ்கூல் வேன் அங்கேதான் வரும், யாருக்காகவும் நிற்காது.

அண்ணன் ரோட்டில் இறங்குவது அம்மாவுக்குத் தெரியாது.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஒரு தட்டு. நாள் முழுக்க நன்றாக இருந்தது.

பிப்ரவரி 6, வியாழன்

இரண்டு.

எல்லாம் அந்த உடற்பயிற்சிக் கூடம் வந்த பிறகுதான். அதற்கு முன்னால் இந்தத் தெருவில் இவ்வளவு பெரிய கார்களை நான் பார்த்ததே இல்லை. எங்கள் அடுக்களையைவிடப் பெரியவை. உள்ளே போய் ஓடும் பெல்ட்டில் ஒரு மணி நேரம் ஓடுகிறார்கள். பக்கத்துத் தெருவில் காலி மைதானம் இருக்கிறது. அங்கே நிறுத்திவிட்டு நடந்து வரலாம். வர மாட்டார்கள்.

அண்ணனிடம் சொன்னேன். சிரித்தான். "அவங்க உள்ள நடக்கறதுக்காக நம்மள வெளிய நடக்க விடமாட்டேங்கறாங்க. விடு, அவங்களுக்கும் தொப்பை கரையணும்ல."

எல்லாவற்றுக்கும் சிரிப்பான். எனக்குத்தான் வருவதில்லை.

புதிதாக ஒரு வெள்ளைக் கார் வருகிறது. அண்ணன் அதன் சொந்தக்காரருக்கு "வெள்ளைக்காரர்" என்று பெயர் வைத்திருக்கிறான். மற்ற கார்களின் முன்மூடியில் கை வைத்தால் சூடு தெரியுமாம். சூடாக இருந்தால் இப்போதுதான் வந்தது, உடனே கிளம்பாது. கிளம்பினாலும் இன்ஜின் உறுமும், ஒதுங்கிவிடலாம். இது கரண்டில் ஓடுகிற கார். சூடும் இல்லை, சத்தமும் இல்லை.

"பொணம் மாதிரி கெடக்கு" என்றான்.

பிப்ரவரி 10, திங்கள்

இன்றைக்கு அண்ணன் வேலையிலிருந்து வந்தபோது சட்டைக் கை முழங்கை வரை கிழிந்திருந்தது. காலையில் ரோட்டில் நடந்தபோது பைக் ஒன்று உரசிவிட்டுப் போனதாம். பைக் ஓட்டியவன் நிற்கவில்லை. "கண்ணு தெரியலையா"ன்னு கத்திட்டுப் போனான், சரியாத்தானே கேட்டிருக்கான் என்று அண்ணன் சொன்னான்.

நான் அழுதேன். அவன் என் தலையைத் தேடிப் பிடித்து ஒரு குட்டு வைத்தான்.

"அம்மாகிட்ட சொல்லாதே."

"சொல்லுவேன்."

"சொன்னா வேலை போச்சு. அம்மா என்ன சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்குல்ல?"

இருக்கிறது. அவன் வேலைக்குப் போன முதல் நாள், லீவு போட்டிருந்த அம்மா அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டே சொன்னாள்: "பெரியவனே, ஒரே ஒரு தடவை உனக்கு ஏதாவது ஆச்சுன்னா அப்புறம் இந்த வாசப்படி தாண்ட விடமாட்டேன். உங்கப்பாவை ரோட்லதான் தூக்கிக் குடுத்தேன்."

நான் கூட வருகிறேன் என்றேன். வேனை விட்டுவிட்டு நடந்து போய்க்கொள்கிறேன் என்றேன்.

"நீ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா அது நான் போனதாகுமா?"

பிறகு குரலை இறக்கிச் சொன்னான்: "எட்டு வருஷம் அந்த ஜன்னலண்டையே உக்காந்திருந்தேன். மறுபடி அங்க உக்கார மாட்டேன்."

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். சட்டையை நானே தைத்தேன். நூல் நிறம் கொஞ்சம் மாறிவிட்டது.

பிப்ரவரி 11, செவ்வாய்

அம்மா தையலைப் பார்த்துவிட்டாள். கதவு ஆணியில் மாட்டிக் கிழிந்தது என்றேன். எவ்வளவு சுலபமாக வருகிறது பொய்.

அம்மா அந்தத் தையலைப் பிரித்து, சரியான நிற நூல் போட்டுத் திரும்பத் தைத்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பிப்ரவரி 13, வியாழன்

பள்ளி விட்டு வந்ததும் உடற்பயிற்சிக் கூடத்துக் காவலாளியிடம் போய்ச் சொன்னேன். நல்லவர்தான். பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்தே பேசினார்.

"நான் யாருகிட்ட பாப்பா சொல்றது? போன வாரம் ஒருத்தர்கிட்ட கொஞ்சம் தள்ளிப் போடுங்க சார்னேன். 'இந்தக் காரோட ஒரு சக்கரம் என்ன விலைன்னு தெரியுமா'ன்னு கேக்கறார். நான் சக்கரத்தையா கேட்டேன்?"

"எங்க அண்ணனுக்குக் கண்ணு தெரியாது."

"தெரியும் பாப்பா. தினம் பாக்கறேனே. அந்தத் தம்பி இறங்கி ஏறுற வரைக்கும் எனக்கு மூச்சு வர்றதில்ல."

அப்படியென்றால் மூச்சு வராமல் இருப்பது நான் மட்டும் இல்லை.

பிப்ரவரி 17, திங்கள்

வெள்ளைக்காரரிடமே பேசிவிட்டேன். பேசினேன் என்று சொல்ல முடியாது.

காலையில் அவர் காரை நடைபாதை மேல் ஏற்றிக்கொண்டிருந்தார். மூன்று நாளாக மனதில் வரிசையாக அடுக்கி வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் ஓடிவிட்டன. "சார், இங்க ஆள் நடக்கணும்" என்பது மட்டும் வந்தது.

"எல்லாரும்தானே நிறுத்தறாங்க, என்னை மட்டும் கேக்கற?" என்றார். கோபமாகக்கூட இல்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டது போலத்தான் இருந்தது. போய்விட்டார். காதில் ஏதோ பாட்டு.

அண்ணனிடம் சொல்லக் கூடாது. அவனுக்காக யாரிடமும் கெஞ்சினால் பிடிக்காது. ஒரு முறை பஸ்ஸில் "பாவம், கண் தெரியாதவர், எழுந்து இடம் குடுங்க" என்று நான் யாரிடமோ சொல்லிவிட்டேன். இறங்கும்வரை நின்றுகொண்டே வந்தான்.

பிப்ரவரி 18, செவ்வாய்

இரண்டு.

பிப்ரவரி 19, புதன்

இரண்டு. மழை வேறு. கார்களின் ஓரமாக எல்லாம் தண்ணீர். அண்ணன் நனைந்த ஷூவோடு நாள் முழுக்க போன் எடுத்துப் பேசியிருக்கிறான். "வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்" என்று வீட்டில் எங்களுக்குப் பேசிக் காட்டினான். அம்மா இவ்வளவு சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகிறது. இன்னும் பத்து நாள் ஒழுங்காகப் போனால் வேலை நிரந்தரமாம்.

பத்து நாள்.

பிப்ரவரி 20, வியாழன்

நடந்ததை நம்ப முடியவில்லை. பென்சிலைக்கூட அழுத்திப் பிடிக்கிறேன்.

இன்று வேனை விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான். அண்ணனுக்கு இரண்டு தட்டு தட்டினேன், அவன் போனான், பஸ் ஏறினான், பார்த்தேன். பிறகு வெள்ளைக் காரின் முன்னால் போய் நின்றுகொண்டேன், அவர் வெளியே வரும்வரை.

துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். "மறுபடியும் நீயா?"

இந்த முறை எல்லாம் வந்தது. அண்ணன், கண், சுவர், பைக், சட்டை. பத்து நாள். கண்ணீரும் வந்தது, அதுதான் அசிங்கம்.

அவர் துண்டைத் தோளில் போட்டார். காதில் இருந்ததை எடுத்தார். "எனக்குத் தெரியாதும்மா. நிஜமா தெரியாது. சரி, உங்க அண்ணன் வர்ற நேரத்துல எடுத்துடறேன். போதுமா?"

"நான் கேட்டில் தட்டுவேன் சார். அதுக்கப்புறம்தான் அண்ணன் வருவான்."

"உள்ளேர்ந்து கேட் தெரியும். உன்னைப் பார்த்ததும் எடுத்துடறேன்."

போதும் சார், ரொம்ப நன்றி சார் என்றேன். எத்தனை முறை சொன்னேன் என்று தெரியவில்லை. பள்ளிக்கு நடந்தே போனேன். தாமதமாக வந்ததற்கு வெளியே நிறுத்தினார்கள். நன்றாக நின்றேன்.

அண்ணனிடம் சொல்லவில்லை. அவன் தனியாகவே ஜெயித்ததாக இருக்கட்டும்.

இன்று நிம்மதியாகத் தூங்குவேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

முடியவில்லை

பிப்ரவரி 23, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் நான் கேட்டுக்கு வந்தேன். வெள்ளைக் கார் நடைபாதையில்தான் நின்றது. இன்னும் எடுக்கவில்லையே என்று நினைத்தேன். கார் நின்றால் இரண்டு தட்டு. அதுதான் பழக்கம். இரண்டு தட்டினேன். மறுமுனையில் வேன் வந்துவிட்டது. முதல் நாள் விட்டுவிட்டேனே, இன்றும் விட்டால் வீட்டுக்குச் சொல்லி அனுப்புவார்கள். ஓடினேன்.

அவர் சொன்னபடியே செய்திருக்கிறார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்ததும் ஓடுவதைப் பாதியில் விட்டு இறங்கி வந்திருக்கிறார். காரில் ஏறியிருக்கிறார்.

அண்ணன் நான் சொன்னபடியே செய்திருக்கிறான். மின்கம்பத்துக்கு அடுத்து ரோட்டில் இறங்கியிருக்கிறான். கையை நீட்டிக் காரைத் தொட்டிருக்கிறான்.

காவலாளி கத்தினாராம். எதிரே லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனதில் கேட்கவில்லை.

அண்ணன் மருத்துவமனையில் சொன்னது இது: "கைக்குக் கீழ கார் நகர்ந்துச்சு. சத்தமே இல்ல. என் கைதான் வழுக்குதுன்னு நெனச்சேன். இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடிச்சேன்."

கார் முன்னால் போய் ரோட்டுப் பக்கம் திரும்பியது. அதன் பக்கவாட்டு அவனைத் தள்ளிவிட்டது. பின்சக்கரம் வலது பாதத்தில் ஏறி இறங்கியது. பாதத்தில் எத்தனை எலும்பு இருக்கும்? அறிவியல் புத்தகத்தில் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

அந்த சார்தான் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அதே காரில். அம்மா வேலை செய்கிற மருத்துவமனைதான் பக்கம். அம்மா சலவைக்கூடத்திலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தாளாம். பள்ளியிலிருந்து என்னை அழைத்து வந்தபோது மூன்று பேரும் அங்கே இருந்தார்கள். அவர் அம்மாவிடம் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்:

"பின்னால வண்டி வருதான்னுதாம்மா பார்த்தேன். பக்கத்துல ஆள் இருக்கும்னு நெனைக்கல. இந்தப் பொண்ணு கேட்டுச்சுன்னுதான் எடுக்க வந்தேன். எடுக்காமலே இருந்திருந்தா..."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை. அந்தப் பார்வையை எப்படி எழுதுவது?

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தான். எல்லாம் கேட்டிருக்கும். பேனா சத்தமே கேட்கிறவனுக்கு.

பிப்ரவரி 24, திங்கள்

அண்ணனுக்கு அறுவை சிகிச்சை. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 26, புதன்

இன்று அவனோடு தனியாக இருந்தேன். அவனே கேட்டான்.

"அன்னைக்கு எத்தனை தட்டின?"

"ரெண்டு."

"கார் நின்னுச்சா, நீ தட்டும்போது?"

"நின்னுச்சு."

"அப்ப சரியாத்தான் தட்டியிருக்க."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். அவன் கத்தியிருந்தால் தேவலை. அவர் காரை எடுப்பார்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கொஞ்சம் நின்னு போயிருப்பேன்ல, அப்படின்னு கேட்டிருக்கலாம். கேட்கவே இல்ல. ஏன் கேக்கல? நானே எல்லாத்தையும் கேட்டுக்கணும்னா?

மார்ச் 5, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டான். கூடத்தில் கட்டிலை ஜன்னலண்டை போட்டிருக்கிறோம். காலை நீட்ட அங்கேதான் இடம் இருக்கிறது. வேறு இடம் இல்லையா என்று அம்மாவிடம் கேட்டேன். "வேற எங்கடி போடறது?" என்றாள்.

மார்ச் 9, ஞாயிறு

அந்த சார் பார்க்க வந்தார். பை நிறைய ஆப்பிள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, வைத்தியச் செலவு முழுக்கத் தன்னுடையது என்றார். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

அண்ணன் மரியாதையாகவே பேசினான். போனில் பேசும் குரலில். கடைசியில் கேட்டான்: "சார், வண்டி எங்க நிறுத்தியிருக்கீங்க?"

"வெளியதான் தம்பி. ரெண்டு நிமிஷம்தானே."

நான் எட்டிப் பார்த்தேன். எங்கள் கேட்டை அடைத்துக்கொண்டு, நடைபாதையில் நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து அவருக்கே புரிந்தது. காதெல்லாம் சிவந்து எழுந்து போனார். சத்தம் வராததால் கார் எப்போது போனது என்று அண்ணனுக்குத் தெரியவில்லை. "போயிட்டாரா?" என்று இரண்டு முறை கேட்டான்.

ஆப்பிளை அம்மா நறுக்கித் தட்டில் வைத்தாள். கறுத்துப்போகும்வரை அங்கேயே இருந்தது.

மார்ச் 12, புதன்

கம்பெனியிலிருந்து போன். வேறு ஆள் போட்டுவிட்டார்களாம். கால் சரியானதும் வந்து பார்க்கச் சொன்னார்களாம். அண்ணன், "பரவாயில்ல சார், நீங்க கூப்பிட்டதுக்கு நன்றி, உங்கள் நாள் இனிய நாளாகட்டும்" என்று சொல்லி வைத்தான். அங்கே சொல்லிக்கொடுத்த வரி.

மார்ச் 13, வியாழன்

அம்மா இன்று தூங்கவில்லை. டார்ச்சை அணைக்கும் முன்பே பார்த்துவிட்டாள். நோட்டைப் பிடுங்குவாள் என்று நினைத்தேன். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சோப்பு வாசனை.

"அந்தச் சட்டை ஆணியில கிழியலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் சின்னவளே. ஆணியில கிழிஞ்சா அப்படிக் கிழியாது."

"அப்புறம் ஏம்மா கேக்கல?"

"கேட்டா நீ சொல்லிடுவே. சொல்லிட்டா அவனை நிறுத்தணும். நிறுத்த மனசு வரல. அவ்ளோ சிரிச்சுட்டு இருந்தான்."

விளக்கில்லாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம். கூடத்தில் அண்ணன் புரண்டு படுத்தான்.

மார்ச் 21, வெள்ளி

நடைபாதை ஓரமாக இரும்புக் குழாய் நடுகிறார்கள். போலீஸ் வந்து விசாரித்ததில் உடற்பயிற்சிக் கூடத்துக்காரர்களுக்குப் பயம் வந்துவிட்டதாம். காவலாளி சொன்னார். இனி எந்தக் காரும் ஏற முடியாது. கார்களெல்லாம் பின்தெருவுக்குப் போய்விட்டன, அங்கே நடைபாதை மேல். மைதானத்துக்கு இன்னும் யாரும் போகவில்லை.

குழாய்க்கு மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நல்ல பளிச் நிறம். அண்ணனிடம் நிறத்தைச் சொன்னேன். ம் என்றான்.

மார்ச் 31, திங்கள்

கட்டுப் பிரித்தாகிவிட்டது. வீட்டுக்குள் நடக்கிறான். லேசாக ஒரு சாய்வு. டாக்டர் வெளியே நடக்கச் சொல்லியிருக்கிறார். அம்மாவே புது ஸ்டிக் வாங்கி வந்தாள். வாசப்படி தாண்ட விடமாட்டேன் என்ற அம்மாதான். அவன் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டு, "போயிட்டு வா, பெரியவனே. நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

"நாளைக்கு" என்றான்.

ஏப்ரல் 3, வியாழன்

ஸ்டிக் கதவுக்குப் பின்னால் உறையோடு நிற்கிறது.

ஏப்ரல் 7, திங்கள்

பள்ளிப் பையில் இரும்பு ஸ்கேலைத் திரும்ப எடுத்து வைத்தேன். விபத்து நடந்த அன்றிலிருந்து அதைத் தொடாமலே இருந்தேன்.

கேட்டில் ஒரு தட்டு. காத்திருந்தேன். வேன் வந்துவிட்டது.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஒரு தட்டு.

ஏப்ரல் 9, புதன்

ஒரு தட்டு. உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. எழுந்திருப்பான் என்று நினைத்தேன். காவலாளியும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று எங்கள் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் உட்கார்ந்துவிட்டார்.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்று நடைபாதை கழுவியதுபோல் இருந்தது. மின்கம்பத்திலிருந்து சாக்கடை மூடிவரை ஒன்றுமே இல்லை, ஒரு சைக்கிள்கூட இல்லை. சுவரோரம் வெயில் நேராக விழுந்திருந்தது. சத்தமாக, நன்றாகக் கேட்கும்படி, ஒரு தட்டு தட்டினேன்.

ஜன்னலில் அவன் கை தெரிந்தது. கம்பியைத் தேடிப் பிடித்தது. விரலை மடக்கி அவனும் தட்டினான்.

இரண்டு.

இன்னொரு முறை வழியை நன்றாகப் பார்த்தேன். கடைசிவரை காலிதான். வேன் ஹாரன் அடித்தது.